பழைய தேவாலயம் இசை மண்டபம் ஆகலாமா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடை ஒலி அமைப்பு என் தொழில். ராயபுரம் என் ஊர். வெளிநாட்டில் ஏதோ ஒரு பழைய தேவாலயத்துக்குள் கச்சேரி நடக்கும் வீடியோவை யாராவது பார்த்துவிட்டால் போதும், "நம் பக்கத்தில் இதைச் செய்ய முடியாதா?" என்று என்னிடம் வந்துவிடுவார்கள். பாடகர்கள், சபையார், பக்கத்துத் தெருக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் ஒரு தெளிவுக்காக மட்டுமே. கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

சிலுவையைக் கழற்றிவிட்டு மேடை போட்டால் மண்டபம் ஆகிவிடும், அவ்வளவுதானே?

இல்லை. மேடை கடைசியில் வருகிற வேலை. அந்த இடத்தில் இனி வழிபாடு இல்லை என்று சம்பந்தப்பட்ட திருச்சபையே முறைப்படி முடிவு செய்வது முதல் படி. பீடம், நற்கருணைப் பேழை, ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் பதித்த நினைவுக் கற்கள் ஆகியவை எங்கே போகும் என்று தீர்மானிப்பது இரண்டாவது. கட்டடத்தின் உறுதி, அரசு அனுமதிகள், ஒலி ஆகிய மூன்றும் அதற்குப் பிறகுதான்.

உலகத்தில் யாராவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா?

நிறையப் பேர் செய்திருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமின் பாரடிசோ, 19ஆம் நூற்றாண்டில் ஒரு கிறிஸ்தவக் குழு தன் கூட்டங்களுக்காகக் கட்டிய கட்டடம். 1968 முதல் அது இசை அரங்கு. லண்டனில் செயின்ட் ஜான்ஸ் ஸ்மித் ஸ்கொயர் 1728-ல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயம். 1941-ல் குண்டுவீச்சில் எரிந்து, பல ஆண்டுகள் பாழாகக் கிடந்து, 1969-ல் கச்சேரி மண்டபமாகத் திறக்கப்பட்டது. அதே நகரில் ஓல்டு ஸ்ட்ரீட்டில் உள்ள செயின்ட் லூக்ஸ் ஆலயத்தின் அடித்தளம் இறங்கியதால் 1959-ல் அதை மூடினார்கள், பின்னர் கூரையையும் எடுத்துவிட்டார்கள். 2003-ல் லண்டன் சிம்பொனி இசைக்குழு அதைத் தன் பயிற்சிக்கும் கச்சேரிக்கும் உரிய இடமாக மீட்டுக்கொண்டது.

இவற்றில் ஒன்றுகூட இசைக்காக மூடப்பட்டதில்லை என்பதைக் கவனியுங்கள். வழிபாடு வேறு காரணங்களால் நின்றுபோன பிறகுதான் இசை உள்ளே வந்தது. இந்த வரிசை மாறவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பல பதில்கள் இதிலிருந்துதான் வருகின்றன.

தவறாகப் போன உதாரணம் உண்டா?

உண்டு. நியூயார்க்கில் ஓர் ஆலயத்தைத் திருச்சபை விற்றது. போதை மறுவாழ்வு அமைப்பு ஒன்றின் கைக்குப் போய், அங்கிருந்து மறுபடி கைமாறி, 1983-ல் அது லைம்லைட் என்ற இரவு விடுதி ஆனது. போதைப் பொருள் புழக்கத்தால் பெயர் கெட்டு, பிறகு கடைகளாக மாறியது. முதலில் விற்றவர்கள் கனவிலும் நினைத்திராத முடிவு இது. அதனால்தான், விற்பனை வேண்டாம், நிபந்தனைகளுடன் நீண்டகாலக் குத்தகை போதும் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். நிலம் திருச்சபையிடமே இருக்கும்வரை, "இது இங்கே நடக்கக் கூடாது" என்று சொல்லும் உரிமையும் அவர்களிடமே இருக்கும்.

இந்தியாவில் இப்படி நடந்ததே கிடையாதா?

இசைக்காக என்று பெரிதாகச் சொல்ல இல்லை. ஆனால் வழிபாடு நின்ற கிறிஸ்தவக் கட்டடங்கள் வேறு பணிகளுக்குப் போயிருக்கின்றன. டையூவில் புனித தோமா ஆலயம் இன்று அருங்காட்சியகம். பழைய கோவாவில் புனித பிரான்சிஸ் அசிசி மடத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இயங்குகிறது.

வடசென்னையில் எந்த ஆலயம் இதற்குத் தோதாக இருக்கும்? பெயர் சொல்லுங்கள்.

பெயர் சொல்ல மாட்டேன், ஏனென்றால் நம் ஆலயங்கள் காலியாக இல்லை. ஐரோப்பாவில் மூடிய ஆலயங்கள் பலவற்றுக்கு ஆள் வருவதே குறைந்துபோயிருந்தது. இங்கே ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள்: உள்ளே இடமில்லாமல் வெளியே பந்தல் போட்டு நாற்காலி அடுக்கியிருப்பார்கள். ராயபுரம் புனித பேதுரு ஆலயம் போன்றவை கடலோர மக்களின் உழைப்பில் எழுந்தவை. இன்றும் அவர்களுடைய வாழ்க்கையோடு சேர்ந்தவை. அவற்றை மண்டபமாகக் கற்பனை செய்து பார்ப்பதுகூட அந்த மக்களுக்கு மரியாதை ஆகாது.

நாம் தேட வேண்டியது வேறு. சபை புதுக் கட்டடத்துக்கு மாறியபின் பூட்டிக் கிடக்கும் பழைய ஆலயம், மூடப்பட்ட மிஷன் பள்ளியின் சிற்றாலயம், ரயில்வே, துறைமுகக் குடியிருப்புகள் காலியானபின் ஆளில்லாமல் போன பிரார்த்தனைக் கூடம் போன்றவை. அப்படி ஒன்று உங்கள் தெருவில் இருந்தால் அதைப் பற்றிப் பேசலாம்.

அரண்மனைக்காரத் தெருவில் ஆர்மீனியர் ஆலயம் சும்மாதானே இருக்கிறது?

சும்மா இல்லை. 1712-ல் கட்டி 1772-ல் மீண்டும் எழுப்பப்பட்ட ஆலயம் அது. சென்னையில் ஆர்மீனிய சபை இல்லாமல் போனதால் வாராந்தர வழிபாடு நின்றிருக்கிறது. ஆனால் கொல்கத்தாவில் உள்ள ஆர்மீனியத் திருச்சபை அதைப் பராமரித்து வருகிறது. மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் இருக்கின்றன. முற்றத்தில் நடந்தால் காலடியில் ஆர்மீனிய எழுத்து வெட்டிய கல்லறைக் கற்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழை 1794-ல் இதே சென்னையிலிருந்து வெளியிட்ட ஹருத்யுன் ஷ்மாவோனியனின் கல்லறையும் அங்கேதான். ஆள் வராத இடம் வேறு, கைவிடப்பட்ட இடம் வேறு. அங்கே போனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒருமுறை அர்ச்சித்த, அதாவது இறைவனுக்கென்று ஒப்புக்கொடுத்த, இடம் எப்போதும் புனிதம்தானே? அதை யார் மாற்ற முடியும்?

கத்தோலிக்கத் திருச்சபையில் இதற்குத் திருச்சபைச் சட்டமே வழி சொல்கிறது. 1222ஆம் விதிப்படி, இனி வழிபாட்டுக்குப் பயன்படுத்த முடியாத, பழுதுபார்க்கவும் வழியில்லாத ஆலயத்தை மறைமாவட்ட ஆயர் உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம். ஆனால் அது இழிவான பயன்பாடாக இருக்கக் கூடாது. வேறு கடும் காரணங்கள் இருந்தால் குருக்கள் மன்றத்தைக் கலந்து, அந்த ஆலயத்தில் உரிமை உள்ளவர்களின் சம்மதத்தோடுதான் முடிவெடுக்க வேண்டும். பங்குத்தந்தை தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. பீடத்தின் கதை தனி: ஆலயம் உலகியல் பயன்பாட்டுக்குப் போனாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழப்பதில்லை என்கிறது 1238ஆம் விதி. எனவே பீடத்தை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். அதன்மேல் ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்சர் கருவியை வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்களின் சொத்துரிமை பொதுவாக சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கும். பேராயத்தின் முடிவோடு அந்த அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். தனிச் சபைகளுக்கு அவரவர் அறக்கட்டளைப் பத்திரமே வேதம். "வழிபாட்டுக்கு மட்டும்" என்று அதில் எழுதியிருந்தால் நீதிமன்றம் போகாமல் மாற்ற முடியாது.

என் பாட்டியை அந்த ஆலயத்தில்தான் அடக்கம் செய்தோம். கல்லறைமேல் நாற்காலி போடுவீர்களா?

கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் கோபமாகக் கேட்டார்; அந்தக் கோபம் முழுக்க நியாயம். முற்றத்தில் கல்லறைகள் இருந்தால் அந்தப் பகுதி குத்தகைக்கு வெளியே இருக்க வேண்டும். அதற்குத் தனி வாசல், தனிச் சாவி, நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் நாள் முழுதும் தடையில்லா நுழைவு ஆகியவற்றைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கட்டடத்துக்குள்ளேயே அடக்கம் இருந்தால் சிக்கல் பெரிது. மேலே சொன்ன செயின்ட் லூக்ஸில் நிலவறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்களை முறைப்படி எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்த பிறகுதான் வேலை நடந்தது. நம் ஊரில் அப்படி ஒரு நிலை வந்தால், அந்தக் கட்டடமே வேண்டாம் என்று விட்டுவிடச் சொல்வேன்.

நாளைக்கு வேறு மதத்தினர் அதை வாங்கித் தங்கள் வழிபாட்டிடம் ஆக்கிவிட்டால்?

அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் (சிறப்பு விதிகள்) சட்டம், ஒரு மதத்தின் அல்லது பிரிவின் வழிபாட்டுத் தலத்தை வேறொன்றின் வழிபாட்டுத் தலமாக மாற்றக் கூடாது என்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தலத்துக்கு இருந்த சமயத் தன்மை அப்படியே தொடரும் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது விதி இசை மண்டபத் திட்டத்தையும் தொடக்கூடும். ஆகவே "திருச்சபை சம்மதித்துவிட்டது, இனி என்ன" என்று இறங்கிவிடாமல், வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள்.

ஆலயத்தில் குரல் தானாகவே முழங்குமே, மைக்கே வேண்டாமே?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பாடற்குழு நீட்டிப் பாடும்போது அந்த முழக்கம் தேன்தான். ஆனால் மிருதங்கத்தை அங்கே கொண்டு போய் வாசித்துப் பாருங்கள். வலப்பக்கத் தோலான வலந்தலையின் 'நம்' தெளிவாக விழும். இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் ஆழ்ந்த கும்கி ஓசை அடங்குவதற்குள் அடுத்த அடி வந்து அதன்மேல் ஏறிவிடும். வேகக் கோர்வை முழுக்க ஒரே இரைச்சலாகக் கரையும். பேச்சும் அப்படியே. பழைய போதகர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நிறுத்தி நிறுத்திப் பேசியதற்கு இந்தச் சுவர்களும் ஒரு காரணம்.

ஓசை நின்றபின் முழக்கம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் எதிர்முழக்க நேரம். அதைக் கணக்கிடும் வழியை 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் கண்டுபிடித்தார். இருக்கை மெத்தைகளை அறைக்குள் சுமந்து வந்து அடுக்கி அடுக்கி அளந்தார். கூடத்தின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் விநாடி கிடைக்கும். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 9 மீட்டர் உயரம் கொண்ட ஆலயம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: 2,700 கன மீட்டர். சுண்ணாம்புச் சுவரும் கல் தரையுமாக ஆளில்லாமல் இருந்தால் அதன் முழக்கம் 4 விநாடி என்று வையுங்கள். 300 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்குச் சுமார் அரை சதுர மீட்டர் உறிஞ்சுவதால், அது 1.7 விநாடிக்கு இறங்கும். பாடற்குழுவுக்கு அதுவே போதும். தாள வாத்தியத்துக்கு 1.2 வரை இறக்க வேண்டும்; அதற்கு மேலும் 200 சதுர மீட்டர் கனத்த திரைச்சீலை தேவைப்படும்.

திரையை இழுக்கவும் ஒதுக்கவும் வசதி செய்யுங்கள். கீர்த்தனை பாடும் நாளில் ஒதுக்கிவிடலாம், தாளம் ஓங்கும் நாளில் இழுத்துவிடலாம். மைக்கைப் பொறுத்தவரை, ஒரே பெரிய ஒலிபெருக்கியை மேடையில் வைத்து முழக்குவதைவிடச் சிறியவற்றைப் பல இடங்களில் தாழ்வாகவும் கேட்பவருக்கு அருகிலும் வைப்பது இத்தகைய கூடங்களில் நல்ல பலன் தரும்.

கானா, பறை எல்லாம் அங்கே எடுபடுமா? இல்லை, கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும்தானா?

கானாவும் பறையும் நுழைய முடியாத மண்டபத்துக்கு வடசென்னையில் என்ன வேலை? கானாவின் உயிர் சொல்லில் இருக்கிறது. இறந்தவரின் வீட்டு வாசலில் இரவு முழுதும் பாடும் மரண கானாவில் ஒரு வரி கேட்காமல் போனால் ஒரு வாழ்க்கையின் ஒரு பகுதி கேட்காமல் போகிறது. எனவே மேலே சொன்ன 1.2 விநாடிக்கும் கீழே இறக்க வேண்டியிருக்கும். திரைச்சீலை கீச்சென்ற உயர்ந்த ஓசைகளைத்தான் நன்றாக உறிஞ்சும்; பறை, டிரம்ஸ் ஆகியவற்றின் ஆழ்ந்த தாழ் ஓசைக்கு அது போதாது. சுவரிலிருந்து தள்ளி, பின்னால் காற்றிடம் விட்டு, கனமான கனிமக் கம்பளிப் (ராக்வுல் போன்ற) பலகைகளை மரச்சட்டத்தில் நிறுத்த வேண்டும். பழைய சுவரில் ஆணி அடிக்காமல் தரையில் நிற்கும்படி செய்யுங்கள்.

கச்சேரி என்றால் மயிலாப்பூர். இங்கே யார் வருவார்கள்?

வயலின் கர்நாடக இசைக்குள் வந்த கதையில் மணலி இருக்கிறது. தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் அங்கே வாழ்ந்த காலத்தில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றார். தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பையரின் அழைப்பில் திருவொற்றியூர் வந்து திரிபுரசுந்தரிமேல் ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அன்னி பெசன்ட் முயற்சியில் அரண்மனைக்காரத் தெருவில் எழுந்த கோகலே ஹாலில் அரசியல் முழக்கத்தோடு கச்சேரிகளும் நடந்தன. மண்டபங்கள் தெற்கே போயின. கேட்பவர்கள் இங்கேயேதான் இருக்கிறார்கள். டிசம்பரில் ஒரு நல்ல கச்சேரி கேட்க எண்ணூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், கடைசி பஸ்ஸுக்காகத் தனி ஆவர்த்தனத்தின்போதே எழுந்து வருகிறவர்களை எனக்குத் தெரியும்.

ராத்திரி சத்தம் போட்டால் நாங்கள் எங்கே போய்த் தூங்குவது?

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்குள் மட்டும் விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகக் கொண்டால் அது 50, 40 ஆகிவிடும். ஸ்டான்லி மருத்துவமனைக்கு அருகில் இடம் பார்ப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைக்க வேண்டும்.

நடத்துபவர்களுக்கு என் யோசனை: 9.30-க்கு முடித்துவிடுங்கள். விலக்கு இருக்கிறதே என்று 10 மணி தாண்டி வாசித்தால், நிகழ்ச்சி முடிந்து வெளியே வரும் கூட்டமும் பைக் சத்தமும் தெருவைத் தூங்கவிடாது.

அந்த உயரமான ஜன்னல்களை அடைத்து ஏசி போட்டுவிடலாமா?

இதில் எந்தப் பக்கம் போனாலும் விலை உண்டு. திறந்த ஜன்னல் தன்மேல் படும் ஒலி முழுவதையும் வெளியே விட்டுவிடும்; சபைன் உறிஞ்சுதிறனை அளந்ததே "இத்தனை திறந்த ஜன்னலுக்குச் சமம்" என்றுதான். ஆக ஜன்னலைத் திறந்தால் உள்ளே ஓசை தெளியும், காற்று வரும். ஆனால் முந்தைய கேள்வி கேட்டவரின் வீட்டுக்குள் பறை கேட்கும். மூடினால் தெருவுக்கு நல்லது. ஆனால் 300 பேருக்கு ஏசியும் மின்செலவும் வேண்டும், சுவரின் ஈரம் வெளியேறும் வழியும் குறைகிறது. பழைய மர அடைப்பை அப்படியே விட்டு, உட்புறம் தனியாகக் கண்ணாடிக் கதவு ஒன்றைச் சேர்த்து, நிகழ்ச்சி நேரத்தில் மட்டும் மூடுவதுதான் என் விருப்பம்.

சுவர் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசிவிட்டால் பத்து வருடம் தாங்குமா?

தயவுசெய்து பூசாதீர்கள். நம் பக்கம் கடல் அருகில். பழைய செங்கல் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை வெள்ளையாகப் பூத்து நிற்கும்; விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். ஈரத்தோடு ஏறிவந்த உப்பு அது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சிமென்ட் விடாது, உப்பு உள்ளேயே தங்கிப் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொடித்துத் தள்ளும். சில ஆண்டுகளில் சிமென்ட் பாளமாகப் பெயரும்போது பழைய செங்கல்லும் சேர்ந்து வரும்.

சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கூலி அதிகம், நாள் அதிகம். மர உத்தரங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், தேக்கு உத்தரங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தை முதலில் தட்டிப் பாருங்கள். மரம் மட்குவது அங்கேதான் தொடங்கும். அதைச் சோதிக்காமல் கூரையில் விளக்குகளையோ ஒலிபெருக்கிகளையோ தொங்கவிடவே கூடாது.

ஞாயிறு ஆராதனையும் நடக்கட்டும், மற்ற நாளில் கச்சேரியும் நடக்கட்டும் என்றால் என்ன?

என்னைக் கேட்டால் நம் ஊருக்கு ஏற்ற வழி இதுதான். லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் உள்ள யூனியன் சேப்பல் இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம். அதே கூடம் புகழ்பெற்ற இசை அரங்கமும்கூட. அர்ச்சிப்பை நீக்குவது, பீடத்தை அகற்றுவது, 1991 சட்டம் என்று மேலே சொன்ன சிக்கல்களில் பாதிக்கு மேல் இதில் எழுவதே இல்லை.

ஆனால் எல்லை உண்டு. கத்தோலிக்க ஆலயங்களில் நடக்கும் கச்சேரிகள் பற்றி வத்திக்கான் 1987-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது: திருவழிபாட்டுக்கோ பக்திக்கோ உரிய இசையாக இருக்க வேண்டும், நுழைவு இலவசமாக இருக்க வேண்டும், பீடப் பகுதியைக் கலைஞர்கள் மேடையாக்கக் கூடாது. ஆக அங்கே டிக்கெட் போட்டு கானா நடத்த முடியாது. ஆனால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை முழுக் கச்சேரியாக, ராகம் விரித்துப் பாட வைக்கலாமே. மற்றவற்றை ஆலய வளாகத்தில் உள்ள பள்ளி அரங்கிலோ சமூகக் கூடத்திலோ வைத்துக்கொள்ளலாம். அந்தக் கூடங்களில் ஒலியைச் சரிசெய்வது எளிது, செலவும் குறைவு.

நாங்கள் சிலர் சேர்ந்து, பூட்டிக் கிடக்கும் ஓர் ஆலயத்தைக் கேட்கலாம் என்று இருக்கிறோம். எங்கே தொடங்குவது?

அந்த ஆலயத்தில் கடைசியாகத் திருமணம் செய்துகொண்டவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் இருப்பார்கள். முதலில் அவர்களிடம் போங்கள். ஆயர் இல்லத்துக்கு மனு எழுதுவது அதற்குப் பிறகு. அவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

சரி என்றால், சொத்துப் பத்திரத்தின் நகலை வழக்கறிஞரிடம் கொடுங்கள்; பழங்கட்டடங்களில் அனுபவம் உள்ள கட்டமைப்புப் பொறியாளரிடம் கூரையைக் காட்டுங்கள். சாவி கிடைக்கும் முதல் நாளில் ஒரு பலூனும், ஒலிப்பதிவு செய்யும் போனும் எடுத்துக்கொண்டு போங்கள். கூடத்தின் நடுவில் பலூனை உடைத்து, முழக்கம் முழுவதுமாக அடங்கும்வரை பதிவு செய்யுங்கள். நான்கு மூலைகளிலும், மேடை வரப்போகும் இடத்திலும் அதையே திரும்பச் செய்யுங்கள். எந்தப் பதிவு எந்த இடம் என்று எழுதி அனுப்பினால், எவ்வளவு திரை, எவ்வளவு பலகை வேண்டியிருக்கும் என்று என்னால் தோராயமாகச் சொல்ல முடியும். அதற்குக் கட்டணம் எதுவும் வேண்டாம்.